வளர்ற வலிதானா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!

இந்தப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி எழுதியிருந்தார். ஆறு வயது மகன் ராத்திரியானால் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், பகலில் ஒன்றுமே இல்லாதவன் மாதிரி ஓடுகிறான், வீட்டில் எல்லோரும் 'வளர்ற வலி, தானா போயிரும்' என்கிறார்கள், நான் நம்பலாமா என்று கேட்டிருந்தார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னும் இரண்டு வரி. வீட்டில் ஆரம்பித்த தையல் தொழில் ஒரு வருஷமாகத் தள்ளாடுகிறது, அதற்கும் வீட்டில் இதே பதில்தான், 'புதுத் தொழில்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ' என்கிறார்களாம்.

அந்தக் கடைசி இரண்டு வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தச் சகோதரியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஏனென்றால் இந்த இரண்டு வலியும் எங்கள் வீட்டிலும் ஒரே வருஷத்தில்தான் வந்தன. இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. என் அனுபவம் யாருக்காவது உதவினால் சரி என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கரூர் பக்கம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஜவுளி யூனிட்டை 2018-ல் மூடிவிட்டார்கள். கையில் இருந்தது மூன்று மாதச் செலவுக்குத்தான் காணும். மகளுக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. மகனுக்கு இரண்டு. என்னிடம் இருந்த ஒரே மூலதனம் இரண்டு லிட்டர் கிரைண்டரும், எங்கள் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) கற்றுக்கொடுத்த மாவுப் பக்குவமும்தான். இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். முதல் நாள் நாலு கிலோ. வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள், பாதிப் பேர் பாவப்பட்டு வாங்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில்தான் மகளுக்குக் கால் வலி ஆரம்பித்தது. ராத்திரி பத்து, பத்தரைக்கு அழுதுகொண்டே எழுந்திருப்பாள். "அம்மா, காலு வலிக்குது, அமுத்தி உடு." கெண்டைக்காலிலும் முட்டிக்குப் பின்னாலும் வலி. இன்றைக்கு வலது கால் என்பாள், நாளைக்கு இடது என்பாள், சில நாள் இரண்டும். அரை மணி நேரம் அமுக்கிவிட்டால் தூங்கிப் போவாள். காலையில் எழுந்தால் தெருவில் நாய்க்குட்டியோடு ஓட்டம். பக்கத்து வீட்டம்மா, "இவ ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்றார். நடிக்கிற பிள்ளை காலையில் அல்லவா நடிக்கும்? ராத்திரி பத்து மணிக்கு எந்த ஸ்கூல் இருக்கிறது?

அத்தை சொன்னது இது: "வளர்ற புள்ளைக்குக் கால் நோவு வராம, கெழவி எனக்கா வரும்? எண்ணெயத் தேச்சு உடு கண்ணு, சரியாப் போயிரும்."

அத்தை சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. கால் வலி என்று ஆரம்பித்து ரத்தப் புற்றுநோய் என்று முடிந்த ஒரு குழந்தையின் கதையை நான் கேட்டிருந்தேன். அந்தப் பயம் ஒரு தாய்க்கு வந்துவிட்டால் ராத்திரி தூக்கம் ஏது?

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். மாவுக் கணக்கு எழுதுகிற நீள நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து மகளின் கால் கணக்கை எழுத ஆரம்பித்தேன். தேதி, எத்தனை மணி, எந்தக் கால், எந்த இடம், காலையில் எப்படி இருந்தாள், அன்று என்ன ஆடினாள். மூன்று வாரம் எழுதினேன். இதைப் பார்த்து வீட்டுக்காரர், "காலுக்கும் வரவு செலவா?" என்று கேலி செய்தார்.

அந்த நோட்டைப் பார்த்ததும் குழந்தை டாக்டரின் முகமே மாறிவிட்டது. பாதிப் பேர் 'எப்பவோ வலிக்குது டாக்டர்' என்றுதான் சொல்வார்களாம். அவர் கேட்ட கேள்விகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

"ரெண்டு கால்லயும் வருதா, ஒரே கால்லயா?"

"மாறி மாறி வருது டாக்டர்."

"காலையில எந்திரிச்சதும் நொண்டுறாளா? கால் வெறச்சுப் போயிருக்கா?"

"இல்லீங்க, ஓடுறா."

"காய்ச்சல், எடை குறையறது, முட்டி வீக்கம்?"

"எதுவும் இல்லீங்க."

"வலிக்கும்போது நீங்க தொட்டா என்ன பண்றா? கையைத் தட்டி விடுறாளா, இல்ல இன்னும் அமுக்கச் சொல்றாளா?"

இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. அவர் விளக்கினார். சாதாரண வளர்ற வலி உள்ள பிள்ளை, காலை அமுக்கிவிடச் சொல்லும், மடியில் காலைப் போட்டுக்கொள்ளும். எலும்பிலோ மூட்டிலோ உண்மையில் நோய் இருக்கிற பிள்ளை பெரும்பாலும் தொடவே விடாது. இவ்வளவு சுலபமான அடையாளம் நம் கையிலேயே இருக்கிறது பாருங்கள்! அதன் பிறகு குழந்தையைப் படுக்க வைத்து இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாவற்றையும் மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தார். நடக்க வைத்துப் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா, இது வளர்ற வலிதான்" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெயர்தான் வளர்ற வலியே தவிர, வளர்வதால்தான் வலிக்கிறது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லையாம். 1823-லேயே பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஒருவர் இந்தப் பெயரோடு எழுதிவிட்டார். இருநூறு வருஷமாகியும் சரியான காரணம் தெரியாது. நானே பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழந்தை பிறந்த முதல் வருஷம் சுமார் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்போது இந்த வலி வருவதில்லை. வலி வருகிற நாலு, ஐந்து, ஆறு வயதில் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அதாவது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. இந்த வளர்ச்சிக்கா ராத்திரி பத்து மணிக்கு அழுகை? பகல் முழுக்க ஓடியாடிய கால் தசைகள் களைத்துப் போவது, மூட்டுகள் சற்றுத் தளர்வாக இருப்பது, சில பிள்ளைகளுக்கு வலியை உணரும் அளவே சற்றுக் குறைவாக இருப்பது, வைட்டமின் டி குறைவு என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எதுவும் முடிவானதில்லை.

ஆனால் வலி மட்டும் பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 37 பேருக்கு இந்த வலி இருந்தது. ஆக உங்கள் பிள்ளை தனியாக இல்லை. நடிக்கவும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? நாம் செய்வதைத்தான் டாக்டரும் சொன்னார். வெதுவெதுப்பான வெந்நீர் ஒத்தடம், மெதுவாக அமுக்கிவிடுவது. அத்தையின் நல்லெண்ணெய்க்கும் தடையில்லை, பலன் எண்ணெயில் இல்லை, தேய்க்கிற கையில் இருக்கிறது என்றார். அதைவிட முக்கியமாகத் தூங்கப் போகுமுன் தசையை நீட்டிவிடச் சொன்னார். குழந்தையைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, கையைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் இழுபடும். இருபது எண்ணும் வரை அப்படியே நிற்க வேண்டும், பிறகு அடுத்த கால். குப்புறப் படுக்க வைத்துக் குதிகாலைப் பிட்டம் வரை மடக்கினால் முன்தொடை இழுபடும். மல்லாக்கப் படுக்க வைத்து முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்கினால் பின்தொடை. காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். மொத்தமே பத்து நிமிஷம்தான். 1988-ல் 34 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், இப்படி நீட்டிவிட்ட குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலி நின்றது என்று தெரிந்ததாம். சின்ன ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லாத வைத்தியம், செய்து பார்த்தால் என்ன?

ரொம்ப வலித்தால் பாரசிட்டமால் கொடுக்கலாம். எடைக்குத் தக்க அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாங்கி வைத்த ஆஸ்பிரின் மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின், ஈரலையும் மூளையையும் தாக்குகிற அபூர்வமான ஆபத்தைக் கொண்டு வரலாம்.

என் மகளுக்கு ஏழரை வயது வரை விட்டு விட்டு வந்தது. இரண்டு மாசம் இருக்காது, திருவிழாவுக்கு ஆடிவிட்டு வந்தால் அன்று ராத்திரி வந்துவிடும். பிறகு எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் என் நாத்தனாரின் மகளுக்குக் கால் வலி. அவளுக்கு நாலு வயது. போனில் கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி, உங்க பாப்பாவுக்கு வந்ததேதான். வளர்ற வலி" என்றாள். என் மகளுக்கு வந்தது ஒன்றுமில்லாமல் போனதே அங்கே சாட்சி ஆகிவிட்டது! ஆடிக்கு வந்திருந்தபோதுதான் பார்த்தேன். காலையில் எழுந்து பாத்ரூமுக்குப் போகக்கூட அந்தக் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனது. ஒரு மணி நேரம் ஆனதும் சரியாகிவிட்டது, ஓடியது. ராத்திரி வலி என்று அழவே இல்லை. வலது முட்டி மட்டும் இடது முட்டியைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தது. எண்ணெய் தேய்க்கப் போனால் காலை இழுத்துக்கொண்டது.

என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததற்கு எல்லாமே தலைகீழ். அங்கே ராத்திரி, இங்கே காலை. அங்கே இரண்டு கால், இங்கே ஒரே முட்டி. அங்கே அமுக்கச் சொன்னாள், இங்கே தொட விடவில்லை.

"அம்மிணி, இது அது இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்" என்றேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கிற புள்ளைய நோய்க்காரி ஆக்காத" என்றார். தெரிந்த வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகும் என்று மாப்பிள்ளை சொன்னார். வீங்கிய மூட்டை என்ன ஏதென்று தெரியாமல் உருவக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நாத்தனாரே பையை எடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றாள்.

குழந்தைகளுக்கு வருகிற மூட்டு வாதம் என்றார்கள். முட்டி வலி பாட்டிக்குத்தான் வரும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? குழந்தைகளுக்கும் வரும், பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டைத் தாக்குவதால் வருவது. மூட்டுக்குள் ஓர் ஊசி, பிறகு வாரம் ஒரு தரம் மாத்திரை, பயிற்சி. இதையெல்லாம்விட ஒரு விஷயம் எங்களைத் திடுக்கிட வைத்தது. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். முட்டிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வாதம் உள்ள சிறு குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வரலாம், கண் சிவக்காது, வலிக்காது, குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, பார்வை போகத் தொடங்கிய பிறகுதான் தெரியுமாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனிக் கருவியில் பார்க்க வேண்டும். நல்லவேளை, அவளுக்குக் கண் நன்றாக இருந்தது. இன்னும் ஆறு மாதம் 'வளர்ற வலி' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே நான் விரும்பவில்லை. இப்போது அவள் பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள்.

சகோதரிகளே, ஒரே கால், ஒரே இடம் என்று விடாமல் வலித்தாலும், காலையில் நொண்டினாலும், மூட்டு வீங்கினாலும், சூடாக இருந்தாலும், காய்ச்சலோ எடை குறைவோ உடம்பு வெளுத்துப் போவதோ, காரணமில்லாமல் கன்னிப்போன தடங்களோ கூட வந்தாலும், அன்றைக்கே டாக்டர். இதில் பாட்டி வைத்தியமும் வேண்டாம், பக்கத்து வீட்டு யோசனையும் வேண்டாம், என் கடிதமும் போதாது.

இப்போது அந்தச் சகோதரியின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன்.

மாவுத் தொழிலில் எனக்கு வந்த வலிகளும் இரண்டு ரகம்தான். முதல் ரகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2019 பொங்கலுக்குள் தினம் பதினைந்து கிலோ போக ஆரம்பித்தது. வீட்டுக் கிரைண்டர் சூடாகி, பெல்ட் தேய்ந்து, நடுவில் நின்றுவிடும். அந்த வருஷம் ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. தூக்குப் போசி கொண்டு வாருங்கள் என்றால் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். பங்குனி வெயில் வந்ததும் மாவு கவருக்குள் வளர்ந்து, கவர் பந்து மாதிரி உப்பி, ஒரு டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் வெடித்தே விட்டது! புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் விடுகிற வாயுதான் காரணம். கரூர் வெயிலில் அவை நம்மைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. அதன் பிறகு அரைத்த உடனே புளிக்காத மாவாகக் கொடுக்க ஆரம்பித்தேன். வெயில் காலத்தில் நாலு மணி நேரம், மழைக் காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே வையுங்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மகளிர் குழுக் கடனில் பழைய பத்து லிட்டர் கிரைண்டர் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்தேன். வருஷ விற்பனை பன்னிரண்டு லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அப்போது வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் கட்டணம். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வளர்ற வலி. வாங்குகிற ஆள் அதிகமாவதால் வருகிற வலி. அமுக்கிவிட்டால் தூங்கிவிடும்.

இரண்டாவது ரகம், ஒரு மெஸ் ஆர்டர். தினம் இருபது கிலோ. வீட்டுக்காரர்தான் பேசிக் கொண்டு வந்தார். கிலோ 25 ரூபாய், மாசக் கடைசியில் பணம். ஒரு மாசம் பார்ப்போம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டோம். இருபது கிலோ என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம், பெரிய ஆளாகிவிட்டோம் என்று! நான் நோட்டின் முன்பக்கத்தில் இதற்கென்று தனிப் பக்கம் போட்டேன்.

ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் எங்கள் பக்குவத்துக்கு ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். அன்றைய விலைக்கு அரிசி 38, உளுந்து 25, வெந்தயம் உப்பு எல்லாம் சேர்த்து 3. ஆக 66. கிலோவுக்கு 22. கரண்டுக்கு ஒரு ரூபாய். மெஸ்ஸுக்காகவே உதவிக்கு வைத்த அக்காவுக்கு நாள் நூறு, கிலோவுக்கு 5. கொண்டு போய்க் கொடுக்க பெட்ரோல் 20, கிலோவுக்கு ஒரு ரூபாய். கூட்டுங்கள், 29 வருகிறது. விற்பது 25-க்கு. ஒரு கிலோவுக்கு நாலு ரூபாய், ஒரு நாளைக்கு எண்பது ரூபாய் கையிலிருந்து போகிறது. தெருவில் கிலோ 35-க்கு விற்கிற முப்பது கிலோவில் கவர் செலவெல்லாம் போக எனக்கு 240 நின்றது. அதில் மூன்றில் ஒரு பங்கை மெஸ் தின்றுகொண்டிருந்தது. என் உழைப்புக்கு இதில் கூலியே போடவில்லை, கவனியுங்கள். நாம் யாருமே போடுவதில்லை.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "புதுசா ஆரம்பிச்சா கொஞ்சம் கையக் கடிக்கத்தான் செய்யும். பெரிய ஆர்டர், பொறுத்துக்கோ. வளர வளரச் சரியாப் போயிரும்" என்றார்.

வளர வளர எப்படிச் சரியாகும்? இருபது கிலோவுக்கு எண்பது போகிறது என்றால் நாற்பது கிலோவுக்கு நூற்று அறுபது போகும். "ஏங்க, இது நம்ம பாப்பா கால் இல்ல, உங்க தங்கச்சி மக முட்டி" என்றேன். அப்போது அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் பதில் பேசவில்லை. நோட்டை வாங்கி அவரே இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார்.

மெஸ்காரரிடம் கிலோ 32, வாரா வாரம் பணம் என்று கேட்டோம். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். இருபது கிலோ ஒரே நாளில் நின்றது. அன்று சாயங்காலம் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. உதவிக்கு வந்த அக்காவை நிறுத்த மனசு வராமல், அவரையே பக்கத்து இரண்டு தெருக்களுக்கு மாவு கொண்டு போகச் சொன்னேன். மூன்று மாதத்தில் அங்கே பதினெட்டு கிலோ போக ஆரம்பித்தது, அதுவும் 35-க்கு, கைமேல் காசு.

லிஜ்ஜத் அப்பளத்தின் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள், இன்று ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு போடுகிறது என்று. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது நடுவில் இருக்கிற, யாரும் சொல்லாத பகுதிதான். முதல் வருஷ மழையில் அப்பளம் காயாமல் நாலு மாசம் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்கு ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் ஸ்டவ்! என்ன அழகான பெண் புத்தி பாருங்கள். அது வளர்ற வலி, அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் 1961-ல் மலாடில் கிளை தொடங்கிப் பார்த்தது சரிப்படவில்லை, விட்டுவிட்டார்கள். பின்னாளில் தீப்பெட்டி, ஊதுபத்தி என்று முயன்றதும் நிலைக்கவில்லை, அவற்றையும் விட்டார்கள். அப்பளத்தை மட்டும் விடவில்லை. நஷ்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. இதுவும் நல்லதுதான். யாராவது தயவில் பணம் போட்டுக்கொண்டே இருந்தால் எந்த வலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பல வீட்டுத் தொழில்களில் கணவர் சம்பளம்தான் அந்த நன்கொடை. எனக்கு அந்தச் சம்பளம் இல்லாமல் போனதால் நஷ்டம் ஒரே மாசத்தில் கண்ணில் பட்டது.

தையல் சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் தொழில் 'தள்ளாடுகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எங்கே வலிக்கிறது என்று எழுதவில்லை. தைக்க நேரம் போதாமல் ஜாக்கெட் குவிந்து கிடக்கிறதா, தைத்துக் கொடுத்த பிறகு காசு வராமல் கிடக்கிறதா, அல்லது ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் லைனிங் துணி, நூல், ஹூக், கரண்டு எல்லாம் போக ஒன்றுமே மிஞ்சவில்லையா? முதலாவது என்றால் ஒரு கை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மூன்றாவது என்றால் இன்னும் நூறு ஜாக்கெட் தைத்தாலும் தேறாது, கூலியை ஏற்றுங்கள், அல்லது மிஞ்சுகிற வேலையாகப் பார்த்துப் பிடியுங்கள். ஃபால்ஸ் அடிப்பதில் ஜாக்கெட்டைவிட அதிகம் நிற்கிறது என்று எங்கள் தெருத் தையல்காரப் பெண் சொல்கிறார்.

மகனை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது இரண்டு மூன்று வாரக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள், தேதி, மணி, எந்தக் கால், காலையில் எப்படி என்று. ஆனால் அவன் காலையில் நொண்டினாலோ முட்டி வீங்கியிருந்தாலோ மூன்று வாரம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இதே பகுதிக்கு எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.

— ஒரு வாசகி, கரூர் மாவட்டம்